கோல்ட் ஸ்டார் கொடுத்தா குழந்தை படிக்குமா? போர்க்காலத்தில் அடையாறில் தங்கிய மரியா மாண்டிசோரியின் கதை!

பெசன்ட் நகர், அடையாறு பக்கம் ஒரு ரவுண்டு போனா, 'மாண்டிசோரி' என்ற பெயர்ப்பலகை எப்படியும் ஒன்றிரண்டு கண்ணில் படும். எல்.கே.ஜி. அட்மிஷன் தேடும் பெற்றோருக்கு அது ஒரு பாடமுறையின் பெயர், பல நேரம் கொஞ்சம் கூடுதல் ஃபீஸின் பெயரும்கூட. ஆனால் அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெண் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெசன்ட் நகரை ஒட்டியிருக்கும் பிரம்மஞான சபை வளாகத்தில் வாழ்ந்தார் என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும்.

மனிதருக்குச் சந்தோஷமும் ஊக்கமும் எங்கிருந்து வருகின்றன? பரிசிலிருந்தா, பயத்திலிருந்தா, இல்லை செய்யும் வேலையிலிருந்தா? இன்று உளவியல் ஆய்வாளர்கள் சோதனை வைத்துப் பார்க்கும் இந்தக் கேள்வியை, 100 ஆண்டுகளுக்கும் முன்பே மூன்று வயதுக் குழந்தைகளைப் பார்த்துக் கேட்டவர் மரியா மாண்டிசோரி. அவர் கதையை முழுசாப் பார்க்கலாம் வாங்க.

யார் இந்த மரியா?

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சிறிய ஊரில் பிறந்தார் மரியா. அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ அரசு ஊழியர். அம்மா ரெனில்டே, பெண்கள் அதிகம் படிக்காத அந்தக் காலத்தில் நிறையப் புத்தகம் வாசித்தவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது.

பெண் பிள்ளை படித்தால் டீச்சர் ஆகலாம், அதற்கு மேல் எதற்கு என்று நினைத்த காலம் அது. மரியா ஆண்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் இன்ஜினியர் ஆக ஆசை. பிறகு மனசு மாறி மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். அப்பாவுக்கு இதில் இஷ்டம் இல்லை, அம்மா துணை நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் சடலத்தை அறுத்துப் பார்ப்பது முறையில்லை என்று, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தனியாகத்தான் அவர் உடற்கூறு பழக வேண்டியிருந்தது. 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியில் மருத்துவம் படித்து முடித்த முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்று பேசினார்.

மனநலக் காப்பகத்தில் கண்ட காட்சி

ரோம் பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் வேலை பார்த்தபோது, காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளைப் பார்க்கிற வாய்ப்பு மரியாவுக்குக் கிடைத்தது. அறிவுக் குறைபாடு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தி, பெரியவர்களோடு பெரியவர்களாக வெறும் அறைகளில் வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுப்பார்கள். பார்த்துக்கொண்டவர்களுக்கு அது பேராசையாகத் தெரிந்தது. மரியாவுக்கு வேறு மாதிரி தோன்றியது. அந்த அறையில் பொம்மையோ வேறு பொருளோ எதுவுமே கிடையாது. தொட்டுப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்தது அந்தத் துணுக்குகள் மட்டும்தான். பசி வயிற்றில் இல்லை, கையில் இருந்தது.

இடார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக எழுதியதை எல்லாம் தேடிப் படித்தார். மரத்துண்டு, மணி, எழுத்து வடிவம் என்று கையால் தொட்டுப் பழகும் பொருட்களைச் செய்தார். அவரிடம் பயின்ற குழந்தைகள் எழுதப் படிக்கத் தொடங்கியதும் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் மரியாவின் யோசனை வேறு பக்கம் போனது. இந்தக் குழந்தைகளாலேயே இவ்வளவு முடிகிறது என்றால், சாதாரணப் பள்ளிகள் மற்ற குழந்தைகளை என்ன செய்துகொண்டிருக்கின்றன?

யாருக்கும் சொல்லாத மகன்

இதே காலத்தில் அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய காயமும் விழுந்தது. உடன் வேலை பார்த்த டாக்டர் ஜூசெப்பே மோண்டசானோவுடன் காதல். 1898-ல் மகன் மாரியோ பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் டாக்டர் வேலையும் பெயரும் அன்றோடு முடிந்துவிடும். கைக்குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார், ஆனால் அம்மா என்று சொல்லிக்கொள்ள முடியாது.

உலகத்துக் குழந்தைகளுக்காக உழைத்தவர் சொந்தக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1912 கடைசியில் மரியாவின் அம்மா இறந்தார். அதன் பிறகுதான், 15 வயதை எட்டிய மாரியோ அவரோடு வந்து சேர்ந்தான். அப்போதும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன், இல்லாவிட்டால் வளர்ப்பு மகன். இந்தப் பொய் எங்கே உடைந்தது தெரியுமா? அதற்கும் சென்னைக்கும் சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் பொறுங்க.

சான் லொரென்சோ: ஏழைகள் குடியிருப்பில் ஒரு அறை

ரோமின் சான் லொரென்சோ அப்போது கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னக் குழந்தைகள் நாள் முழுக்கப் படிக்கட்டில் ஓடி, சுவரில் கிறுக்கி, கட்டடத்தை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தைச் சீரமைத்த நிறுவனத்துக்குச் சுவரைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள மரியாவைக் கூப்பிட்டார்கள். 1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறக்கப்பட்டது. அதன் பெயர் 'காசா தெய் பாம்பினி', அதாவது குழந்தைகள் இல்லம். அன்னி பெசன்ட் அடையாறில் பிரம்மஞான சபைத் தலைவரானதும் அதே 1907-ல்தான்.

அங்கே மரியா கவனித்த மூன்று விஷயங்கள் முக்கியமானவை.

ஒன்று: சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அளவு பார்த்து மர உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்துக் கலைத்துவிட்டு மறுபடி பொருத்துவாள். மரியா எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார், அவள் திரும்பவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசை மேல் வைத்தார், உருளைகளை மடியில் வாரிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். 44 முறை செய்த பிறகு தானாக நிறுத்திவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல மலர்ந்த முகத்தோடு சுற்றிப் பார்த்தாள். களைப்பே இல்லை.

இரண்டு: ஒருநாள் ஆசிரியை பொருள் வைக்கும் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். குழந்தைகள் தாங்களே எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆசிரியைக்குக் கோபம். மரியாவோ பூட்டை விட்டுவிட்டு அலமாரியை மாற்றினார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. எதை எடுப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யலாம்.

மூன்று: பரிசு. நன்றாக நடந்துகொண்ட ஒரு பையனுக்கு வெள்ளிச் சிலுவைப் பதக்கம் மாட்டியிருந்தார்கள். இன்னொருவனைத் தண்டனையாகத் தனி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பதக்கக்காரன் வேலை மும்முரத்தில் அங்குமிங்கும் போனபோது பதக்கம் கீழே விழுந்தது. தண்டனையில் இருந்தவன் அதை எடுத்துக் காட்டினான். முதல் பையனுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. வேண்டுமானால் நீயே போட்டுக்கொள் என்கிற மாதிரி போய்விட்டான். தண்டனைக்காரன் பதக்கத்தை மாட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான். வேலை இருப்பவனுக்குப் பதக்கம் தேவைப்படவில்லை என்பதை மரியா குறித்துக்கொண்டார். பரிசும் தண்டனையும் மெல்ல மெல்ல அந்த அறையிலிருந்து வெளியேறின.

உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவிப் பழகிய நாலு வயதுக் குழந்தைகள், யாரும் சொல்லாமலே எழுதத் தொடங்கினார்கள். நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகியதை நினைத்துப் பார்த்தால், இது நமக்குப் புரியாத சங்கதி இல்லை.

புகழும் முசோலினியும்

1909-ல் புத்தகம் வந்தது, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913-ல் அமெரிக்கப் பயணம். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை. மக்கள் வெளியே நின்று பார்க்க, உள்ளே குழந்தைகள் அவர்களைக் கண்டுகொள்ளாமல் வேலை செய்தார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. குழந்தையின் கற்பனை விளையாட்டுக்கு இதில் இடம் குறைவு, பொருட்களை ஒரே மாதிரிதான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914-ல் விமர்சனப் புத்தகமே எழுதினார். அங்கே அலை சீக்கிரம் அடங்கியது.

இத்தாலியில் நடந்தது இன்னும் சங்கடமானது. 1920-களில் முசோலினி அரசு மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது, மரியாவும் ஏற்றுக்கொண்டார். குழந்தையின் சுதந்திரத்தைப் பேசியவர் ஒரு சர்வாதிகாரியின் உதவியை ஏன் வாங்கினார் என்ற கேள்வி இன்றும் அவர் மேல் உண்டு. ஆனால் தானாக யோசிக்கப் பழகிய குழந்தையும், கேள்வி கேட்காமல் அணிவகுக்கும் குழந்தையும் ஒரே பள்ளியில் உருவாக முடியாது. 1934 வாக்கில் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, மரியா நாட்டை விட்டு வெளியேறினார். பார்சிலோனாவில் இருந்தபோது 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடித்தது. அங்கிருந்து நெதர்லாந்து.

அடையாறுக்கு வந்தது எப்படி?

அன்னி பெசன்ட் 1933-ல் இறந்த பிறகு பிரம்மஞான சபைத் தலைவரானவர் ஜார்ஜ் அருண்டேல். அவர் மனைவி, கலாக்ஷேத்ராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவி. இவர்களின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் மரியா, மாரியோவுடன் மெட்ராஸ் வந்து இறங்கினார். வயது 69. சில மாதம் வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

அடையாறு ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே, புகழ்பெற்ற ஆலமரம் நிற்கும் அந்த வளாகத்தின் ஆல்காட் தோட்டத்தில், ஓலைக் குடிசைகள் போட்டுப் பயிற்சி நடந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். மரியா வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு. முசோலினியை விட்டு ஓடி வந்தவருக்கு முசோலினி நாட்டுக்காரர் என்று தண்டனை! 70 வயதை நெருங்கும் நேரத்தில், கைக்குழந்தையாகப் பிரிந்த மகனை இரண்டாம் முறை பிரிந்தார்.

1940 ஆகஸ்ட் 31, மரியாவின் 70-வது பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்ததாகவும், மகனைத் திருப்பித் தருவதே சிறந்தது என்று முடிவு செய்ததாகவும் அதில் இருந்தது. மாரியோ விடுதலையானார். அந்தத் தந்தி அவரை உறவுக்காரர் என்றோ வளர்ப்பு மகன் என்றோ சொல்லவில்லை. மகன் என்றே சொன்னது. 42 ஆண்டு மூடிவைத்த உறவு, ஓர் அரசாங்கக் காகிதத்தில் அதன் சரியான பெயரோடு வந்து சேர்ந்தது.

போர் முடியும் வரை அவர்கள் ஐரோப்பா திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் தங்கியிருந்தபோது செடி, பூச்சி, மலை, மழை என்று எல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பெரிய குழந்தைகளுக்குச் சொல்லும் பாடமுறையை இருவரும் வளர்த்தெடுத்தார்கள். 1946-ல் ஐரோப்பா போய், 1947-ல் மீண்டும் இந்தியா வந்தார்கள். அவரது முக்கியமான சில புத்தகங்கள் முதலில் அச்சானதே அடையாறில்தான், கலாக்ஷேத்ரா வெளியீடாகவும் பிரம்மஞான சபை வெளியீடாகவும். 1949, 1950, 1951 என மூன்று முறை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்விக் கடற்கரை ஊரில் காலமானார்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்லுது?

மரியா பார்த்ததைச் சோதனை வைத்து உறுதிப்படுத்த உளவியல் துறைக்குப் பல ஆண்டுகள் ஆயின.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஸ்டான்ஃபோர்டு நர்சரியில், ஏற்கெனவே படம் வரையப் பிடித்த 51 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் கோல்ட் ஸ்டார் போட்ட சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிடித்த விளையாட்டு கூலி வேலையாக மாறிவிட்டது!

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இருவர் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார்கள். மனிதருக்கு அகத்தூண்டல் வர மூன்று வேண்டும்: நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. 1999-ல் இவர்கள் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முன்கூட்டியே சொல்லித் தரும் பொருள் பரிசு ஆர்வத்தைக் குறைப்பது தெரிந்தது.

நேரம் போவது தெரியாமல் வேலையில் மூழ்கும் நிலையை 'ஃப்ளோ' என்று பெயரிட்டுப் பிரபலமாக்கியவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். அந்த உருளைச் சிறுமி இருந்தது அந்த நிலையில்தான். கெவின் ரதுண்டேவுடன் சேர்ந்து அவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு வேலை செய்யும்போது மாண்டிசோரி மாணவர்களிடம் இந்த மூழ்கலும் ஆர்வமும் அதிகம் காணப்பட்டன. 2006-ல் சயின்ஸ் இதழில் வந்த லில்லார்டு ஆய்வு, குலுக்கலில் இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டது. ஐந்து வயதில் வாசிப்பு, கணக்கு, பிறரோடு பழகுவது என்று பலவற்றில் மாண்டிசோரி குழந்தைகள் முன்னே இருந்தார்கள். 12 வயதில் வித்தியாசம் குறைவு.

அதனால் இதை மந்திரக்கோல் ஆக்க வேண்டாம். கூகுளைத் தொடங்கிய லேரி பேஜும் செர்கே பிரின்னும் மாண்டிசோரி பள்ளியில் படித்தவர்கள்தான். அதனால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. இன்னொன்றும் கவனிக்கணும். மாண்டிசோரி என்ற பெயரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ள முடியும். பலகையைப் பார்த்து ஃபீஸ் கட்டாமல், உள்ளே பொருட்கள் குழந்தையின் கைக்கு எட்டுதா, தானாகத் தேர்ந்தெடுக்க விடுகிறார்களா, வேலையின் நடுவே தொந்தரவு செய்கிறார்களா என்று பாருங்க.

நம்ம வீட்டுக்கு என்ன எடுத்துக்கலாம்?

குழந்தைக்குப் பிடித்த வேலைக்கு லஞ்சம் வேண்டாம். கதைப் புத்தகம் படித்தால் அரை மணி நேரம் மொபைல் என்றால், படிப்பு கஷ்டம், மொபைல்தான் இன்பம் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். பிடிக்காத வேலையைத் தொடங்க வைக்கச் சின்னப் பரிசு உதவலாம், அதையே வழக்கம் ஆக்கக் கூடாது.

சூப்பர், வெரி குட் என்று பொதுவாகச் சொல்வதைவிட, என்ன நன்றாகச் செய்தது என்று சொல்லுங்க. இந்த 'ழ' வளைவு நேற்றைவிட நல்லா வந்திருக்கு என்பது மாதிரி.

மூழ்கியிருக்கும்போது கூப்பிடாதீங்க. குழந்தை ஒரே புதிரை பத்தாவது தடவை போடும்போது, போதும் வா என்று இழுப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு.

பெரியவங்களுக்கும் இதே கணக்குதான். சம்பள உயர்வு தேவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேலையில் நாமே முடிவெடுக்க ஏதாவது இடம் இருக்கா, கைத்திறன் வளருதா, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல் இருக்கா? மூன்றும் இல்லாத வேலையில் இன்சென்டிவ் மட்டும் ரொம்ப நாள் தாங்காது. ஒரு நாளில் அரை மணி நேரம், நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, சமையலோ தையலோ வீணையோ, ஒரே வேலையில் இருந்து பாருங்க.

ஏழை வீட்டுக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஒன்று, இன்று பெரும்பாலும் காசு இருப்பவர்களின் தெருவில் கிடைக்கிறது. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு வந்த முறை அது. குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தன் அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில் படித்தார்கள். சுவரின் அடிப்பகுதி குழந்தை எழுதும் கரும்பலகை ஆனது. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் அது போனது. நடைமுறையில் குறைகள் இருந்தன, பிறகு முறைகளும் மாறின. ஆனாலும் கைக்கு எட்டும் உயரத்தில் அட்டையும் பலகையும், பக்கத்தில் பொறுமையாக ஒரு டீச்சரும் வைக்கப் பெரிய ஃபீஸ் தேவையில்லை என்பதை அந்த வகுப்பறைகள் காட்டின. சான் லொரென்சோவில் மரியா தொடங்கியதும் அவ்வளவை வைத்துத்தான்.